டீப் ரெட் (1975): அடிக்கடி எழும் கேள்விகளும் பதில்களும்

இத்தாலிய இயக்குநர் டாரியோ ஆர்ஜென்டோவின் 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ', வெளிநாடுகளில் 'டீப் ரெட்' என்று அறியப்படுகிறது. 1975 மார்ச் 7 அன்று இத்தாலியில் வெளியானது. கொலை மர்மப் படங்களை விரும்புபவர்கள் எப்படியும் ஒருநாள் இதன் வாசலுக்கு வந்து சேருவார்கள். வந்தவுடன் கேட்கும் கேள்விகளையும், பார்த்து முடித்தபின் கேட்கும் கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் பகுதியில் கொலையாளி யார் என்பது வராது. நடுவில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதைத் தாண்டிப் படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

கதை என்ன?

மார்கஸ் டேலி ஆங்கிலேயர். பியானோ வாசிப்பவர். இத்தாலியில் தங்கி இசை கற்பிக்கிறார். ஓர் இரவு, ஆளரவமற்ற சதுக்கத்தில் குடிபோதையில் இருக்கும் நண்பன் கார்லோவுடன் பேசிக்கொண்டிருக்கிறார். அலறல் சத்தம் கேட்கிறது. நிமிர்ந்து பார்த்தால், அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே ஒரு ஜன்னலில் ஒரு பெண் வெட்டப்படுகிறாள். கண்ணாடி உடைந்து அவள் கழுத்து சில்லின் மேல் விழுகிறது. மார்கஸ் மாடிக்கு ஓடுகிறார். சுவரெங்கும் ஓவியங்கள் தொங்கும் நீண்ட நடைவழியைக் கடந்து அவளிடம் போகிறார். அதற்குள் உயிர் போய்விட்டது.

இறந்தவள் ஹெல்கா உல்மன், பிறர் மனத்தை உணரும் ஆற்றல் உள்ளவள். அன்று மாலை ஓர் அரங்கக் கூட்டத்தில், பார்வையாளர்களிடையே ஒரு கொலையாளி உட்கார்ந்திருப்பதை உணர்ந்து நிலைகுலைந்தவள். போலீஸ் வந்த பிறகு மார்கஸுக்கு ஓர் உறுத்தல்: நடைவழியில் முதலில் பார்த்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. ஓர் ஓவியத்தை யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும். அது எந்த ஓவியம்? இந்த ஒரு கேள்விதான் படத்தின் முதுகெலும்பு.

இது பேய்ப் படமா?

இல்லை. ஹெல்காவின் ஆற்றலைத் தவிர இயல்புக்கு மீறியது எதுவும் கிடையாது. கொல்வது மனிதக் கைதான். ஆனால் பாழடைந்த மாளிகை, சுவருக்குள் ஒளிந்த ரகசியம், எங்கிருந்தோ கேட்கும் குழந்தைப் பாடல் என்று பேய்க்கதையின் சாமான்கள் அத்தனையும் இருக்கின்றன. ஆர்ஜென்டோவின் அடுத்த படமான 'சஸ்பீரியா' (1977) முழுக்கச் சூனியக்காரிகளின் உலகம். அங்கே போகும் வழியில் பாதித் தூரத்தில் நிற்கிறது 'டீப் ரெட்'.

'ஜியாலோ' என்கிறார்களே, அது என்ன?

மிலானின் மொண்டடோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்களை வெளியிட்டது. அந்த நிறத்தின் பெயரே அந்த வகைக் கதைகளுக்கும் நிலைத்துவிட்டது. சினிமாவில் அதற்கு உருவம் கொடுத்தவர் மரியோ பாவா. 1963, 1964 ஆண்டுகளில் அவர் எடுத்த இரண்டு படங்களில் எல்லாமே வந்துவிட்டன: தற்செயலாகக் கொலையைப் பார்க்கும் வெளியாள், முகம் தெரியாத கொலையாளி, கையுறை, பளிச்சென்ற நிறங்கள். ஆர்ஜென்டோ 1970-இல் தன் முதல் படத்தால் அதற்குப் பெரிய சந்தையைத் திறந்தார். பின்னாலேயே நூற்றுக்கணக்கில் நகல்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றைப் பார்க்காமல் விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆர்ஜென்டோ அப்போது எந்த நிலையில் இருந்தார்?

ரோமில் 1940-இல் பிறந்தவர். அப்பா சால்வத்தோரே தயாரிப்பாளர். இந்தப் படத்தையும் அவரே தயாரித்தார். டாரியோ முதலில் பத்திரிகையில் திரை விமர்சனம் எழுதினார். செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) கதையை பெர்னார்டோ பெர்டொலுச்சியோடு சேர்ந்து உருவாக்கியவர்களில் ஒருவர். 1970, 71-இல் மூன்று மர்மப் படங்கள் எடுத்துப் புகழடைந்தார். பிறகு அலுத்துப்போய், 1848 மிலான் எழுச்சியைப் பின்னணியாக வைத்து 1973-இல் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். அது ஓடவில்லை. பழைய மர்மப்பட உலகுக்கே திரும்பியவர், வந்த வேகத்தில் அதுவரை தான் கட்டியதை எல்லாம் விடப் பெரிதாகக் கட்டினார்.

உடன் எழுதியவர் பெர்னார்டினோ ஜப்போனி. ஃபெலினியுடன் 'சாட்டிரிகோன்', 'ரோமா' படங்களை எழுதியவர். ஆர்ஜென்டோவின் முந்தைய படங்களில் இல்லாத ஒரு வக்கிரமான சிரிப்பு இதில் ஓடுவதற்கு ஜப்போனியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ரத்தம் அதிகமா? வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து பார்க்கலாமா?

பிள்ளைகளுடன் வேண்டாம். கொலைகள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் நின்று நிதானித்துக் காட்டப்படுகிறது. ரத்தம் இன்றைய கண்ணுக்கு வண்ணப்பூச்சு மாதிரி அசாதாரணச் சிவப்பாகத் தெரியும். அதனால் தைரியமாக இருந்துவிடலாம் என்று நினைப்பவர்களைப் படம் வேறு இடத்தில் பிடிக்கும். அதைப் பற்றி கீழே சொல்கிறேன். பிராணிகள்மீது கொடுமையைச் சகிக்காதவர்களுக்கு இன்னொரு தகவல்: ஒரு சிறுமி பல்லியை ஊசியால் குத்தும் காட்சியும், நாய்கள் கடித்துக்கொள்ளும் காட்சியும் உண்டு. இரண்டும் கதைக்கு அவசியமானவை அல்ல. இல்லாமலே இருந்திருக்கலாம்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

நீளமானதை. இத்தாலிய மூலப் பதிப்பு சுமார் 126 நிமிடம். வெளிநாட்டு விநியோகத்துக்காக வெட்டிய ஆங்கிலப் பதிப்பு ஏறத்தாழ 105 நிமிடம். பறிபோன இருபது நிமிடங்களில் பெரும்பகுதி மார்கஸுக்கும் பத்திரிகை நிருபர் ஜியான்னாவுக்கும் இடையிலான காட்சிகள். விநியோகஸ்தர்கள் கொலைகளை விட்டுவிட்டு மனிதர்களை வெட்டியிருக்கிறார்கள்.

மொழி விஷயத்தில் குழம்ப வேண்டாம். அக்கால இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்வதில்லை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள், பிறகு டப்பிங் நடக்கும். ஆகவே 'அசல் குரல்' என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. ஆங்கில ஒலித்தடத்தில் கதாநாயகன் டேவிட் ஹெம்மிங்ஸின் சொந்தக் குரல் கிடைக்கும், அது ஒரு லாபம். ஆனால் வெட்டப்பட்ட காட்சிகளுக்கு ஆங்கிலத் தடம் இல்லாததால், பேச்சு திடீரென்று இத்தாலிய மொழிக்குத் தாவும். இந்தத் தாவல் எரிச்சலூட்டினால் முழுவதையும் இத்தாலிய மொழியில் சப்டைட்டிலுடன் பாருங்கள். நான் அப்படித்தான் பரிந்துரைப்பேன்.

நடுவில் இவ்வளவு நகைச்சுவை எதற்கு? வேகம் குறைகிறதே?

குறையட்டும். ஜியான்னாவாக நடித்த டாரியா நிகோலோடி இந்தப் படத்தின் பாதி உயிர். அவளுடைய லொடலொட ஃபியட் காரில் பயணிகள் இருக்கை உள்ளே அமுங்கிவிடும்; மார்கஸ் அதில் உட்கார்ந்தால் அவள் தோளுக்குக் கீழே போய்விடுவார். கதவு திறக்காமல் கூரை வழியாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். பெண்கள் மென்மையானவர்கள் என்று மார்கஸ் சொல்லப்போக, கைகளைப் பிணைத்து மேசையில் சாய்க்கும் பலப்பரீட்சைக்கு அழைத்து அவரைத் தோற்கடிப்பாள். தோற்றவர், அவள் ஏமாற்றிவிட்டாள் என்று அடம்பிடிப்பார்.

இதையெல்லாம் சிரிப்புக்கான இடைவேளை என்று எடுத்துக்கொண்டால் படத்தைப் பாதிதான் பார்த்ததாகும். தன் கண்ணையும் தன் ஆண்மையையும் பெரிதாக நம்பும் ஒருவரை, படம் இரண்டிலும் ஒரே நேரத்தில் தட்டி உட்கார வைக்கிறது. பெண் எதைச் செய்ய வல்லவள் என்பதில் மார்கஸுக்கு இருக்கும் முன்முடிவு கதையின் முடிச்சோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வெட்டிய பதிப்பில் அந்தச் சம்பந்தமே அறுந்துபோகிறது.

கதாநாயகனை வேறு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

அந்தோனியோனியின் 'ப்ளோ-அப்' (1966). அதில் ஹெம்மிங்ஸ் புகைப்படக்காரர். பூங்காவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அதில் ஒரு கொலையைக் கண்டுபிடிப்பார். அங்கே பார்க்கப் பார்க்க உண்மை புள்ளிகளாகக் கரைந்துபோகும். இங்கே அதே நடிகரிடம் ஆர்ஜென்டோ அதே வகைப் புதிரைக் கொடுத்து, ஆனால் உறுதியான விடையும் தருகிறார். நடிகர் தேர்வு தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படம் எந்த ஊரில் எடுக்கப்பட்டது? அந்த இடங்களை இன்றும் பார்க்கலாமா?

ரோமும் வேறு இடங்களும் கலந்திருந்தாலும், படத்தின் முகம் டுரின் நகரம். வடஇத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், நேர்கோட்டுத் தெருக்களும் நீண்ட தூண்வரிசைகளும் கொண்ட ஊர். ஆர்ஜென்டோவுக்குப் பிடித்த ஊரும்கூட. 1971-இல் வெளியான ஒரு படத்துக்கும் இங்கே வந்திருக்கிறார், 2001-இல் வெளியான 'நான் ஓ சொன்னோ' எடுக்கவும் வந்தார்.

மார்கஸும் கார்லோவும் நிற்கும் சதுக்கம் பியாட்சா சி.எல்.என். இரண்டு நீரூற்றுகளில் இரண்டு பெரிய கற்சிலைகள் சாய்ந்து படுத்திருக்கும். ஊரின் ஆறுகளான போ, டோரா இரண்டையும் ஆணாகவும் பெண்ணாகவும் வடித்த 1930-களின் சிலைகள் அவை. சதுக்கத்தின் ஓரமாக ஒரு மதுக்கடை வெளிச்சமாகத் தெரியுமே, அது அங்கே இல்லை. படத்துக்காகப் போட்ட செட். எட்வர்ட் ஹாப்பரின் 1942-ஆம் ஆண்டு ஓவியமான 'நைட்ஹாக்ஸ்' அப்படியே எழுந்து நிற்கிறது: பெரிய கண்ணாடி, உள்ளே மஞ்சள் வெளிச்சம், கையில் கோப்பையுடன் அசையாமல் இருக்கும் வாடிக்கையாளர்கள். கொலை நடக்கும்போதும் அவர்கள் அசைவதில்லை. ஊரே ஓவியமாக உறைந்திருக்கிறது. ஓர் ஓவியத்தில் ஏதோ குறைகிறது என்று தேடப்போகும் கதைக்கு இதைவிடக் குறும்பான வாசல் கிடையாது. முதலில் பார்க்கும்போது யாரும் இதை அப்படி எண்ணுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஹெல்கா பேசும் அரங்கம் தெயத்ரோ கரிஞ்ஞானோ. பதினெட்டாம் நூற்றாண்டு நாடக அரங்கு, உள்ளே எங்கு பார்த்தாலும் சிவப்பு. காமிரா வாசலில் சிவப்புத் திரைகளை விலக்கிக்கொண்டு நுழையும். அந்தப் பார்வை யாருடையது என்று அப்போது நமக்குத் தெரியாது.

பாழடைந்த மாளிகை வில்லா ஸ்காட். போ ஆற்றுக்கு அப்பாலுள்ள குன்றுச் சரிவில், கட்டடக் கலைஞர் பியெத்ரோ ஃபெனோலியோ 1902-இல் கட்டியது. வளைந்து நெளியும் கொடிவேலைப்பாடும் கண்ணாடி முகப்பும் கொண்ட, இத்தாலியர் 'லிபர்ட்டி' என்று அழைக்கும் பாணி. படப்பிடிப்பின்போது அது கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் விடுதி. மாணவிகளையும் கன்னியாஸ்திரீகளையும் தயாரிப்பாளர் செலவில் ரிமினி கடற்கரைக்கு விடுமுறைக்கு அனுப்பிவிட்டு இங்கே சுவரை இடித்துப் பிணம் தேடினார்கள். இப்போது தனியார் சொத்து. வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

அந்த இசை யாருடையது? மறக்கவே முடியவில்லையே.

இருவேறு இசை இருக்கிறது, இரண்டையும் பிரித்துக் கேட்பது நல்லது.

முதலில் ஒப்பந்தமானவர் ஜியோர்ஜியோ காஸ்லினி, அந்தோனியோனியின் 'லா நோத்தே'வுக்கு இசையமைத்த ஜாஸ் கலைஞர். அவருக்கும் ஆர்ஜென்டோவுக்கும் ஒத்துவரவில்லை. பிறகு வந்தவர்கள் கோப்ளின் என்ற இளைஞர் குழு: விசைப்பலகையில் கிளாடியோ சிமொனெட்டி, கிதாரில் மாசிமோ மொரான்தே, பேஸ் கிதாரில் ஃபாபியோ பிஞ்ஞாதெல்லி. சிறு வட்டமாகச் சுழலும் ஒரு கருத்தை மேலும் மேலும் ஏற்றி, தேவாலய ஆர்கன் ஓசையைத் தலையில் இறக்குகிறது அவர்களுடைய முகப்பு இசை. இசைத்தட்டு 1975-இல் இத்தாலிய விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஒரு திகில் படத்தின் பின்னணி இசையை ஜனங்கள் வீட்டில் போட்டுக் கேட்டார்கள்.

ஆனால் உண்மையில் நடுங்க வைப்பது காஸ்லினி விட்டுச் சென்ற குழந்தைத் தாலாட்டு. ஒவ்வொரு கொலைக்கும் முன்பு கொலையாளி ஒரு டேப் ரெக்கார்டரில் அதைப் போடுவது வழக்கம். மார்கஸ் தன் வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து இசையமைக்கும் காட்சியைப் பாருங்கள். கூரையிலிருந்து துளித் துகள் விழுகிறது. மேலே யாரோ நடக்கிறார்கள். தாலாட்டு ஒலிக்கத் தொடங்குகிறது. வாசிப்பை நிறுத்தினால் தான் கவனித்துவிட்டது தெரிந்துவிடும். ஆகவே நெற்றி வியர்க்க ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் எதையாவது ஆயுதமாக எடுக்க முயல்கிறார். ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. எனக்கு இந்தப் படத்தின் சிறந்த காட்சி இதுதான்.

தொடக்கத்தில் மார்கஸ் மாணவர்களிடம், வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மிகவும் சுத்தமாக, மிகவும் ஒழுங்காக இருக்கிறது, ஜாஸ் பிறந்தது விபசார விடுதிகளில், கொஞ்சம் அழுக்கு வேண்டும் என்று சொல்வார். இயக்குநர் தன் படத்தைப் பற்றியே பேசிக்கொள்கிறார் என்று தோன்றும்.

ரத்தம் செயற்கையாக இருந்தும் கொலைகள் ஏன் இப்படி வலிக்கின்றன?

ஏனெனில் அந்த வலி நமக்குப் பழக்கமானது. துப்பாக்கிக் குண்டு பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனால் கொதிக்கும் நீர் கையில் பட்டுத் துடிக்காதவர் உண்டா? மேசை முனையில் இடித்துக்கொள்ளாதவர் உண்டா? எழுதியவர்கள் இதை யோசித்தே செய்தார்கள். ஓர் எழுத்தாளரின் முகம் கொதிநீர்த் தொட்டியில் அழுத்தப்படுகிறது. ஒரு பேராசிரியரின் வாய் கணப்படுப்பின் கல்விளிம்பில் மோதப்படுகிறது, பற்கள் முதலில் படும்படி. நடக்கும் இடங்களும் சாதாரணக் குளியலறையும் வரவேற்பறையும்தான். பார்க்கும் நாம் நம்மை அறியாமல் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்துக்கொள்கிறோம்.

சிரித்துக்கொண்டே ஓடிவரும் அந்த பொம்மை?

கார்லோ ரம்பால்டியின் கைவண்ணம். பின்னாளில் 'ஏலியன்', 'ஈ.டி.' படங்களுக்காக ஆஸ்கர் பெற்றவர். கொலையாளி எதற்காக அவ்வளவு சிரமப்பட்டு இயந்திரப் பொம்மையை அனுப்ப வேண்டும் என்று கேட்டால் நியாயமான பதில் கிடையாது. அது கதவைத் திறந்துகொண்டு வரும் அந்தக் கணத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 'சா' (Saw) என்ற ஆங்கிலத் திகில் பட வரிசையில் வரும் பொம்மைக்கு இதுதான் மூதாதை.

கறுப்புக் கையுறை அணிந்த கைகள் யாருடையவை?

ஆர்ஜென்டோவுடையவை. தன் படங்களில் கொலை செய்யும் கைகளை அவர் மற்றவர்களிடம் விடுவதில்லை.

---

எச்சரிக்கை: இதற்குக் கீழே கொலையாளி யார் என்பது சொல்லப்படுகிறது.

கொலையாளியின் முகம் முதலிலேயே காட்டப்படுகிறது என்கிறார்களே, உண்மையா?

முழு உண்மை. ஏமாற்று ஏதும் இல்லை.

மார்கஸ் நடைவழியில் ஓடும்போது காமிராவும் அவரோடு நகர்கிறது. இரு பக்கமும் ஓவியங்கள். டுரின் ஓவியர் என்ரிகோ கொலொம்போத்தோ ரோஸ்ஸோ வரைந்தவை. வெளிறிய, வாய் பிளந்த, எலும்பும் தோலுமான முகங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில், எதிரே ஒளிந்து நிற்கும் கொலையாளியின் முகம் தெரிகிறது. சுற்றிலும் உள்ள முகங்களோடு அதுவும் ஒரு முகமாகக் கலந்துவிடுகிறது. கண்ணாடியை மார்கஸ் ஓவியம் என்று எடுத்துக்கொள்கிறார். கொலையாளி போன பிறகு அந்த 'ஓவியம்' இல்லாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

படத்தின் முடிவில் அவர் மீண்டும் அதே நடைவழிக்கு வந்து, அந்தக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்கும்போது விஷயம் விளங்குகிறது. அதோடு நிறுத்திக்கொள்ளாமல், உடனே படத்தைத் தொடக்கத்துக்கு ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அந்த முகம் அங்கேதான் இருக்கிறது. இருண்ட திரையரங்கில் பின்னோக்கி ஓட்ட வசதியில்லாத 1975-ஆம் ஆண்டுப் பார்வையாளர்களுக்கு முன்னால் ஒருவர் இதைத் துணிந்து வைத்தார். மர்மக்கதை எழுதுபவர்கள் துப்பை எங்கே ஒளிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஆர்ஜென்டோ கண்ணெதிரே மாட்டிவைத்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் படத்தில் துப்பு எதுவும் வாய்வார்த்தையாகக் கிடைப்பதில்லை; எல்லாம் பார்த்துப் படிக்க வேண்டியவை. மாளிகையில் சுவர்ப்பூச்சைச் சுரண்டினால் ஒரு குழந்தை வரைந்த கொலைக்காட்சி வெளிப்படுகிறது. பழைய புகைப்படத்தில் இருக்கும் ஒரு ஜன்னல் இன்றைய கட்டடத்தில் இல்லை. ஆகவே உள்ளே அடைக்கப்பட்ட ஓர் அறை உண்டு. கொதிநீரில் சாகும் எழுத்தாளர் நீராவி படிந்த சுவரில் விரலால் எதையோ எழுதுகிறார். ஆவி அடங்கியதும் எழுத்து மறைகிறது, பேராசிரியர் வந்து சுடுநீரைத் திறந்ததும் மீண்டும் தெரிகிறது. எல்லாமே கண்முன் இருந்தும் ஒரு மெல்லிய படலத்தால் மூடப்பட்டவை.

அப்படியானால் கார்லோ யார்?

மகன். கொலையாளி அவனுடைய அம்மா மார்த்தா. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நாளில், தன்னை மனநல விடுதிக்கு அனுப்பவிருந்த கணவனை அவள் குத்திக் கொன்றாள், சிறுவன் கார்லோவின் கண்ணெதிரே, தாலாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது. முகப்பு எழுத்துகளை இடைவெட்டி வரும் காட்சி அதுதான்: கிறிஸ்துமஸ் மரம், சுவரில் நிழல்கள், தரையில் விழும் கத்தி, அதன் அருகே வந்து நிற்கும் குழந்தைக் கால்கள். பிணத்தை அறையோடு சேர்த்துச் சுவரெழுப்பி மூடினார்கள்.

கார்லோ குடிப்பது அதனால்தான். அம்மாவைக் காப்பாற்ற நண்பனையே சுடத் துணிவதும் அதனால்தான். அவனைக் கொலையாளி என்று நம்பி மார்கஸ் ஓய்ந்துவிட்ட பிறகுதான் எளிய கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது: ஹெல்கா அலறியபோது கார்லோ தன்னோடு சதுக்கத்தில் நின்றான். கப்ரியேலே லாவியா இந்தப் பாத்திரத்தைக் கையாண்ட விதம் அருமை. கார்லோ ஓரினச் சேர்க்கையாளன் என்பதைப் படம் பரபரப்பாக்கவில்லை. மார்கஸ் அதை அறிந்ததும் தோளைக் குலுக்காத குறையாகக் கடந்துபோகிறார். 1975-க்கு இது பெரிய விஷயம்.

மார்த்தாவாக நடித்தவர் யார்? ஏன் அவர்?

கிளாரா கலமாய். விஸ்கோன்தியின் 'ஓஸ்ஸெஸ்ஸியோனே' (1943) நாயகி, ஒருகாலத்தில் இத்தாலியின் பெரிய நட்சத்திரம். அதிலும் காதலனோடு சேர்ந்து கணவனைக் கொல்லும் பாத்திரம். பிறகு திரையிலிருந்து விலகியிருந்தவர். 'டீப் ரெட்' தான் கடைசிப் படம்.

கார்லோவைத் தேடி மார்கஸ் அவள் வீட்டுக்குப் போகும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். சுவர் நிறைய அவளுடைய நடிகை நாட்களின் புகைப்படங்கள், கலமாயின் உண்மையான பழைய படங்கள். திருமணத்துக்குப் பிறகு நடிப்பை விட வேண்டியதாயிற்று என்று சொல்கிறாள். மார்கஸ் எத்தனை முறை பியானோக்காரர் என்று சொன்னாலும், பொறியாளர் என்றே அவரை அழைக்கிறாள். முதல் முறை பார்க்கும்போது மறதிக்காரக் கிழவி. அடுத்த முறை வயிற்றைக் கலக்கும். இங்கேயும் கொலையாளியின் முகம் சுவரில் படமாக மாட்டியிருக்கிறது, மார்கஸ் அதன் எதிரே நின்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

கண்மை தீட்டும் கண் ஒன்று நெருக்கத்தில் வருமே?

அதுவும் நேர்மையாகக் கொடுத்த துப்பு. ஒப்பனை செய்யும் பெண் என்று பார்த்தவுடன் தெரிகிறது. இருந்தும், தோல் மேலங்கியும் கறுப்புக் கையுறையும் பார்த்ததும் மனம் ஆண் என்றே முடிவுகட்டுகிறது. ஜியான்னாவிடம் கைப்பலத்தில் தோற்றும் மார்கஸ் கற்றுக்கொள்ளவில்லை, நாமும்தான்.

கதையில் ஓட்டைகள் இல்லையா?

தாராளமாக இருக்கின்றன. மார்கஸ் யாரைச் சந்திக்கப்போகிறார் என்பது கொலையாளிக்கு முன்கூட்டியே எப்படித் தெரிகிறது என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை. போலீஸ் அதிகாரி ரொட்டி கடிப்பதைத் தவிர வேறு வேலை செய்வதாகத் தெரியவில்லை. வயதான ஒரு பெண்மணிக்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? குப்பை லாரியில் கொக்கி மாட்டி இழுபட்டு, பிறகு கார் ஏறி கார்லோ சாவது விதி அல்ல, கதாசிரியர்களின் அவசரம். மார்த்தாவின் கழுத்துச் சங்கிலி லிஃப்ட் கம்பியில் சிக்கித் தலை துண்டாவதை மட்டும் மன்னித்துவிடுவேன். மார்கஸ் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில், இதுவரை பார்த்துக்கொண்டே இருந்தவர் முதல் முறையாகக் கொல்கிறார். ரத்தக் குளத்தில் தெரியும் அவர் முகத்தின் மேல்தான் முடிவு எழுத்துகள் ஓடுகின்றன.

ஜப்பானில் இதை 'சஸ்பீரியா 2' என்கிறார்களாமே?

ஆம். 'சஸ்பீரியா' அங்கே பெரும் வெற்றி பெற்றதால், அதற்கு இரண்டு ஆண்டு முந்திய இந்தப் படத்தைப் பிறகு அதன் இரண்டாம் பாகம் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். இரண்டு கதைகளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வியாபாரம்.

ரோமில் இதே பெயரில் ஒரு கடை இருக்கிறதா?

வத்திக்கானுக்குப் பக்கத்துப் பகுதியில், வியா தெய் கிராக்கி தெருவில். ஆர்ஜென்டோவும் அவருடைய நண்பர் இயக்குநர் லூய்ஜி கோட்சியும் தொடங்கியது. மேலே புத்தகங்கள், முகமூடிகள். நிலவறையில் ஆர்ஜென்டோ படங்களின் சிறு காட்சியகம்.

பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்ப்பது?

நேராக 'சஸ்பீரியா'வுக்குத் தாவ வேண்டாம். அது வேறு ருசி. முதலில் ஆர்ஜென்டோவின் 1970-ஆம் ஆண்டு முதல் படத்தைப் பாருங்கள், 'தி பேர்ட் வித் தி கிறிஸ்டல் ப்ளூமேஜ்'. அதிலும் ஒரு வெளிநாட்டவர் ஒரு தாக்குதலைப் பார்க்கிறார், பார்த்ததில் ஏதோ பிசகுகிறது. 'டீப் ரெட்'டில் கண்ணாடியாக முற்றிய யோசனையின் கரட்டு வடிவம் அங்கே கிடைக்கும். அதன் பிறகு பாவாவின் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' (1964): நிறங்களுக்காக மட்டுமே பார்க்கலாம், கதையைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 'ப்ளோ-அப்' இன்னும் பார்க்கவில்லை என்றால் அதையும் இதே வாரத்தில், முடிந்தால் அடுத்தடுத்த இரவுகளில்.